கொம்பையாவின் சீனிக்கிழங்குத் தோட்டம்

மொட்டப்பாறை மலைச்சரிவில் கொம்பையா என்றொரு காட்டுப்பன்றி சீனிக்கிழங்குத் தோட்டம் போட்டிருந்தது. மற்றப் பன்றிகளெல்லாம் கிழங்கைத் தோண்டித் தின்னும். கொம்பையாவோ கிழங்கை நட்டு வளர்க்கும்! அதனாலேயே காட்டில் இருந்த மிருகங்களெல்லாம் அதை ‘அண்ணாச்சி’ என்று மரியாதையாகக் கூப்பிட்டன.

தோட்டத்துக்குக் கீழே, சரிவு முடிகிற இடத்தில், ஒரு சுனை இருந்தது. பூமிக்குள்ளிருந்து ஊறி வருகிற தண்ணீர். எந்தக் கோடையிலும் வற்றாது. அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். யானை முதல் அணில் வரை அந்தக் காட்டில் அத்தனைக்கும் அதுதான் குடிதண்ணீர்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாரல் காலம் முடிந்து வெயில் அடித்ததும் கிழங்குத் திருவிழா நடக்கும். யார் கொண்டுவரும் கிழங்கு பெரிதோ, அவரைப் பெரியநாயகி யானை தன் முதுகில் ஏற்றிக்கொண்டு காட்டைச் சுற்றி வரும்.

குரங்குக்கு இந்தச் சவாரி ஒரு பொருட்டே அல்ல. அது எந்த மரத்திலும் ஏறிப் பார்த்துக்கொள்ளும். பன்றியின் பாடு வேறு. பன்றிக்கு அண்ணாந்து பார்க்க வராது. கழுத்து வளையாது. பிறந்ததிலிருந்து மண்ணையும் மற்றவர்களின் காலையும் பார்த்தே அதன் காலம் போய்விடும்!

போன வருடம் கொம்பையா ஜெயித்தது. யானை முதுகில் ஏறி உட்கார்ந்தது. அங்கிருந்துதான் முதன்முதலாக மேகத்தைப் பார்த்தது. தூரத்தில் வயல்களைப் பார்த்தது. ஒரு குளத்தையும் அதன் மேல் பறந்த கொக்குகளையும் பார்த்தது. “அடேயப்பா! உலகம் இம்புட்டுப் பெருசா!” என்று கத்தியே விட்டது. அன்றிலிருந்து அதற்கு வேறு நினைப்பில்லை. இந்த வருடமும் ஏற வேண்டும். ஏறியே தீர வேண்டும்!

போன வருட வெற்றிக்கு ஒரு காரணம் இருந்தது. மலையில் ஒரு குகை. குகை நிறைய வௌவால்கள். தரையெல்லாம் வௌவால் புழுக்கை. அதில் ஒரு கூடையை அள்ளித் தோட்டத்தில் போட்டதும் கிழங்கு பருத்துவிட்டது. ஒரு கூடைக்கே அப்படியென்றால்? கொம்பையா தனக்குத் தெரிந்த மட்டும் யோசித்தது. பிறகு மறுபடியும் குகைக்குப் போனது.

“தாண்டவா! ஏ தாண்டவா! தூங்குதியா?”

கூரையில் தலைகீழாகத் தொங்கிய தாண்டவன் வௌவால் ஒரு கண்ணை மட்டும் திறந்தது. “பகல்ல தூங்காம பின்ன என்ன செய்யச் சொல்லுதிய அண்ணாச்சி?”

“இன்னும் கொஞ்சம் புழுக்கை வேணும்டே!”

“போன வருசந்தானே அள்ளிட்டுப் போனிய! அந்தச் செடிக்கு வயிறு என்ன அவ்வளவு பெருசா?”

“அட, நீ விவரம் புரியாம பேசுத! ஒரு கூடைக்கு என் தலை பருமனுக்குக் கிழங்கு வந்துது. பத்துக் கூடை போட்டா? ஆனைத் தலை பருமனுக்கு வராதா?”

“அப்படி ஒரு கணக்கு உண்டுமா?”

“கணக்குன்னா கணக்குதான்! நீ தூங்குடே!”

தாண்டவனுக்கு என்ன வந்தது? குகை சுத்தமானால் சரி. கண்ணை மூடிக்கொண்டது.

கொம்பையா கூடை கூடையாக அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது. சாரல் பெய்தது. மறுநாள் பார்த்தால் கொட்டிய புழுக்கை கரைந்து காணாமல் போயிருந்தது. “ஆகா! என் செடி மொத்தத்தையும் தின்னுட்டு!” என்று கொம்பையா குதித்தது. செடி எங்கே தின்றது? அது தனக்கு வேண்டியதைத் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுவிட்டது. மிச்சம் மழைத்தண்ணீரோடு கரைந்து மண்ணுக்குள் இறங்கி, மெல்ல மெல்லச் சுனையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மண்ணுக்குள் நடப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? கொம்பையா அடுத்த கூடையைக் கொண்டுவந்து கொட்டியது. அதுவும் கரைந்தது. அதற்கடுத்த கூடையும் வந்தது!

கொடியோ கண்டபடி படர்ந்தது. ஒவ்வோர் இலையும் கரும்பச்சை நிறத்தில் விசிறி போல விரிந்து நின்றது. பார்க்க வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். “இந்த வருசமும் ஆனை மேல அண்ணாச்சிதான்!” என்றது நரி. கொம்பையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சுனைக்குப் பக்கத்துப் புதரில் பூவாயி என்ற முயல் குடியிருந்தது. அதற்குப் புதிதாக ஒரு குட்டி பிறந்திருந்தது. மொச்சை விதை அளவுக்குத்தான் இருந்ததால் பெயரே மொச்சை என்று ஆகிவிட்டது. ஆள்தான் சிறிசு. ஆட்டமோ பெரிசு! கண் திறந்த கொஞ்ச நாளிலேயே கொம்பையாவின் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாட ஆரம்பித்துவிட்டது. பூவாயிக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. அதனால் அது, கொம்பையா கொடுத்த கிழங்கு வற்றலை இடித்து, சுனைத் தண்ணீரில் கரைத்து, கூழாக்கி ஊட்டிவந்தது.

ஒருநாள் பூவாயி குட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடி வந்தது.

“அண்ணாச்சி! என் புள்ளையக் கொஞ்சம் பாருங்களேன்!”

கொம்பையா குனிந்து பார்த்தது. மொச்சையின் உதடு நீலம் பூத்திருந்தது. மூக்கு நுனியும் நீலம். காதுக்குள்ளேயும் நீலம்.

“என்ன மைனி, நாவப்பழம் தின்னானா?”

“எங்க தின்னான்? கூழைத் தவிர அவன் வாயில எதுவும் இறங்காதே! ரெண்டு நாளா எந்திரிக்க மாட்டேங்கான். துள்ள மாட்டேங்கான். மூச்சு மட்டும் வாங்குது.”

கொம்பையாவுக்கு மனசு பதறியது. அதற்கு மொச்சை என்றால் உயிர். “தண்ணியில ஏதாவது கிருமி கிடக்கும் மைனி. சுனைத் தண்ணியைப் பாறைக்குழியில ஊத்தி நாள் பூரா வெயில்ல வையி. சூடு ஏறினா எல்லாக் கிருமியும் செத்துரும். அந்தத் தண்ணியில கூழு கரைச்சுக் குடு. புள்ள துள்ளிக்கிட்டு வருவான்!”

பூவாயி அப்படியே செய்தது. சாரல் ஓய்ந்து நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலத்துக்குள் பாதியாக வற்றிவிடும். அந்த மிச்சத் தண்ணீரை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் எடுத்துக் கூழ் கரைத்தது. பெற்றவளுக்குத்தான் எவ்வளவு கவனம்! ஆனால் மொச்சையின் நீலம் குறையவில்லை. கூடியது.

சேதி காடு முழுக்கப் பரவியது. சுனைக்கரையில் பெரிய கூட்டம் கூடிவிட்டது. பெரியநாயகி யானை நடுவில் நின்றது.

“தண்ணியிலதான் தப்பு இருக்கு!” என்றது நரி. “சுனைக்குள்ளேயே குடியிருக்கிறது யாரு? குளிக்கிறது யாரு? துப்புறது யாரு? எல்லாம் இந்தச் சுனையாண்டிதான்!”

சுனையாண்டி என்பது சுனையில் குடியிருந்த தவளை. நல்ல பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த குரல். இப்போது அந்தக் குரல் சிறுத்துவிட்டது.

“எங்க அப்பன் பாட்டன் எல்லாம் இதுலதான் குளிச்சாவ! அப்பல்லாம் யாருக்கும் ஒண்ணும் வரலையே!” என்று அழுதது.

“உங்க பாட்டன் உன்னைய மாதிரி அழுக்கா இருந்திருக்க மாட்டாரு!” என்றது நரி.

“சரியாச் சொன்ன! விரட்டுங்கடே அவன!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் ஓங்கிக் கேட்டது. வேறு யார்? நம் கொம்பையாதான். குட்டிக்கு வந்த நோவுக்கு யாரையாவது கோபிக்க வேண்டும்போல இருந்தது அதற்கு. தவளை வாகாகக் கிடைத்துவிட்டது!

பெரியநாயகி யோசித்துத் தீர்ப்புச் சொன்னது. “சுனையாண்டி, சாயங்காலத்துக்குள்ள உன் குடும்பத்தைக் கூட்டிக்கிட்டுச் சுனையை விட்டுப் போயிரு.”

“இந்த வெயில்ல எங்க போவேன் ஆத்தா? வழியிலேயே காய்ஞ்சு கருவாடா ஆயிருவோமே!”

குரங்குகள் கூச்சல் போட்டு அதை விரட்ட ஆரம்பித்தன.

கொம்பையா மொச்சையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பூவாயியின் புதருக்குப் போனது. புதருக்கு வெளியே பாறைக்குழி. பூவாயி தண்ணீரை எடுத்துப் போன பிறகு குழி காய்ந்து கிடந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ பொருக்குப் படிந்திருந்தது. பன்றி ருசி பார்க்காத பொருள் உலகத்தில் உண்டா? கொம்பையா நாக்கை நீட்டி நக்கியது.

சுரீர் என்றது. உப்பு. கூடவே ஒரு காரல். நாக்கில் ஒரு ஜில்லிப்பு.

‘இந்தக் காரலை எங்கேயோ ருசி பார்த்திருக்கிறோமே!’

மறுபடியும் நக்கியது. சந்தேகமே இல்லை. குகையில் புழுக்கை அள்ளும்போது மூக்கிலும் வாயிலும் அப்பிக்கொள்ளுமே, அதே காரல்!

கொம்பையா சுனையின் மறுபக்கத்துக்கு ஓடியது. சுனை நிறைந்து வழிகிற ஓடைக்கரையைப் பார்த்தது. அங்கே போன வருடம் சோனிப் புல்தான் இருந்தது. இப்போது அந்தப் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. விசிறி விசிறியாக, கரும்பச்சையாக நின்றது. அந்தப் பச்சையைக் கொம்பையாவுக்குத் தெரியாதா? அது அதன் தோட்டத்துப் பச்சை! மேலே கொட்டியது கீழே வந்துவிட்டது!

தவளை ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் தான்தான். அதோடு நின்றதா? வெயிலில் வை என்று யோசனை சொன்னதும் தானேதான்! வெயில் தண்ணீரை மட்டும்தானே குடித்துவிட்டுப் போகும்? உப்பு அங்கேயே நிற்குமே! பாதி வற்றினால் உப்பு இரட்டிப்பு அல்லவா! அந்தத் தண்ணீரிலா என் மொச்சைக்குக் கூழ் கரைத்தார்கள்?

ஆனால் அந்த நேரத்திலும் இன்னொரு நினைப்பு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இதைச் சொன்னால் தோட்டத்தைப் பிடுங்கிவிடுவார்கள். திருவிழா வேறு நெருங்கிவிட்டது. கிழங்கு ஆனைத் தலை பருமனுக்கு வந்திருக்கும். வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? திருவிழா முடிந்த மறுநாள் சொல்லிக்கொண்டால் என்ன? ஒருநாள், ஒரே ஒருநாள், மறுபடியும் அந்த மேகத்தைப் பார்த்துவிட்டு...

அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மிகவும் மெல்லிய குரல்.

“மாமா... கெழங்கு பெருசாயிட்டா?”

கொம்பையா எட்டிப் பார்த்தது. மொச்சை தலையைத் தூக்கப் பார்த்தது. முடியவில்லை. தலை மறுபடியும் சாய்ந்துவிட்டது. உதட்டில் மட்டும் ஒரு நீலச் சிரிப்பு.

“என்னையும் ஆனை மேல ஏத்துவியா மாமா?”

கொம்பையாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “சவம், கிழங்கும் வேண்டாம், ஆனையும் வேண்டாம்!” என்று கத்தியது. “மைனி! அந்தக் கூழை அவனுக்கு ஊட்டாத! கீழ ஊத்து! நல்ல தண்ணி கொண்டாரேன்!” அவ்வளவுதான் சொன்னது. காலில் குத்திய முள்ளையும் இடறிய கல்லையும் பார்க்காமல் சுனைக்கரைக்கு ஓடியது.

அங்கே சுனையாண்டி தன் மனைவி மக்களோடு கரையேறிக்கொண்டிருந்தது. பின்னால் குரங்குகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன.

“நில்லுங்கடே!” என்று உறுமியது கொம்பையா. “சுனையாண்டி மேல தப்பு இல்ல! தப்பு என் மேல!”

கூட்டம் அதைச் சுற்றிக்கொண்டது. கொம்பையா மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னது. ஆனைத் தலை பருமன் கிழங்குக் கணக்கைச் சொன்னது. புழுக்கையைச் சொன்னது. மழையைச் சொன்னது. பாறைக்குழியில் கண்ட வெள்ளைப் பொருக்கைச் சொன்னது.

பெரியநாயகி நம்பவில்லை. “தண்ணி பளிங்காட்டம் இருக்கேப்பா! நாத்தம் இல்ல, நிறம் இல்ல, குடிச்சா ருசியும் மாறலையே!”

“உப்பைத் தண்ணியில கரைச்ச பொறவு கண்ணுக்குத் தெரியுமா ஆத்தா? அதுவும் இது கொஞ்சூண்டு உப்பு. நாக்குக்குக்கூடத் தெரியாது. தண்ணி வத்தினாத்தான் தெரியும்!”

“அப்ப நாங்களும்தானே குடிக்கோம்? எங்களுக்கு ஏன் நீலம் பிடிக்கல?” என்று கேட்டது நரி.

“நம்ம ரத்தம் முத்தின ரத்தம்வே. தாங்குது. பச்சப்புள்ளை ரத்தம் தாங்குமா? அது இழுக்கிற மூச்சு உடம்புக்குப் போய்ச் சேர மாட்டேங்கு. அதான் நீலம்! இன்னும் பேசிக்கிட்டு நிக்க நேரமில்ல. அவனுக்கு நல்ல தண்ணி வேணும்! இப்பவே வேணும்!”

எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? காட்டில் இருந்தது ஒரே ஒரு சுனை.

“எனக்கு ஒரு இடம் தெரியும்,” என்றது சுனையாண்டி. எல்லாக் கண்களும் அதன் பக்கம் திரும்பின. “உம்ம தோட்டத்துக்கு மேல, உச்சிப் பாறைக்குக் கீழ, ஒரு இடுக்கு இருக்கு. எங்க சித்தப்பன் ஒருத்தரு மட்டும் அங்க ஒண்டிக்கிட்டு இருக்காரு. ஈரம் இருக்கு. ஆனா தண்ணி ஆழத்துல கிடக்கு. தோண்டுறதுக்கு ஆளு வேணும்.”

“தோண்டவா?” கொம்பையாவின் காது விறைத்து நின்றது. “நான் பொறந்ததே அதுக்குத்தானடே!”

“என்னை விரட்டச் சொன்னதும் நீருதான். இப்ப என்கூட வாரதும் நீருதான்,” என்றது சுனையாண்டி. “சரி, வாரும்வே! புள்ளை முக்கியம்.”

இரண்டும் மேலே ஓடின. ஓடவா? ஒன்று ஓடியது, ஒன்று அதன் தலை மேல் உட்கார்ந்து வழி சொன்னது!

“இடது பக்கம்! இடது! அது வலதுவே!”

“என் தலை மேல உக்காந்துக்கிட்டு எனக்கு எது இடதுன்னு நீ சொல்லுதியா?”

“பாறையில முட்டப் போறீரு! அய்யோ! முட்டிட்டீரு!”

இடுக்கு வந்தது. கொம்பையா மூக்கை மண்ணில் வைத்தது. அப்புறம் அதைப் பிடிக்க ஆளில்லை! மண் பறந்தது. சரளைக்கல் பறந்தது. வாயோரத்துக் கொம்பு இரண்டும் தீப்பொறி கக்கின. குறுக்கே ஒரு பெரிய கல் வந்தது. பின்னாலேயே ஏறி வந்த பெரியநாயகி துதிக்கையால் அதைப் பிடுங்கி எறிந்தது. நரி மண்ணைப் பின்னங்காலால் தள்ளியது. குரங்குகள் கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே போட்டன. சற்றுமுன் கூச்சல் போட்ட கூட்டமா இது என்று யாரும் நம்ப மாட்டார்கள்!

“ஈரம்!” என்று கத்தியது சுனையாண்டி. “இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்!”

குபுக்!

கொம்பையாவின் மூக்குக்குள்ளேயே தண்ணீர் ஏறிவிட்டது. தும்மிக்கொண்டே சிரித்தது. பெரியநாயகி குடிக்கத் துதிக்கையை நீட்டியது.

“பொறு ஆத்தா! இதையும் தெளிஞ்சிருக்குன்னு நம்பிரப்படாது!” என்றது கொம்பையா. பக்கத்தில் சூடேறிக் கிடந்த பாறை மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தது. எல்லாம் சுற்றி நின்று குனிந்து பார்த்தன. தண்ணீர் காய்ந்தது. பாறை பாறையாகவே இருந்தது. வெள்ளைப் பொருக்கு இல்லை. கொம்பையா நக்கிப் பார்த்தது.

“என்னவே? என்ன ருசி?”

“பாறை ருசி! வெறும் பாறை ருசி!”

ஆகா, அந்த மலையில் அன்று எழுந்த கூச்சல்! யானை பிளிறியது. குரங்குகள் மரத்துக்கு மரம் தாவின. பூவரச இலையைத் தொன்னையாக மடித்து, தண்ணீர் மொண்டு, குரங்கு கையிலிருந்து குரங்கு கைக்கு மாறி, பூவாயியின் புதர் வரை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பூவாயி புதிதாகக் கூழ் கரைத்து ஊட்டியது. மொச்சை குடித்தது.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. கொம்பையா புதர் வாசலிலேயே படுத்துக்கொண்டது. தின்னப் போகவில்லை. “அண்ணாச்சி, வீட்டுக்குப் போங்க,” என்றால் கேட்கவில்லை. நீலம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடிந்தது. முதலில் காது தெளிந்தது. அப்புறம் உதடு. ஒரு காலையில் கண் விழித்த கொம்பையாவின் முகத்துக்கு நேரே ஒரு குட்டி மூக்கு நின்றது. ரோஜா இதழ் போலச் சிவப்பான மூக்கு!

“மாமா, நீ குறட்டை விடுத!” என்றது மொச்சை. அடுத்த நிமிடம் கொம்பையாவின் முதுகில் ஏறிச் சறுக்க ஆரம்பித்துவிட்டது. கொம்பையா விக்கி விக்கி அழுதது. பூவாயியும் அழுதது. இரண்டும் ஏன் அழுகின்றன என்று புரியாமல் மொச்சை இன்னொரு தடவை சறுக்கியது.

அன்றைக்கே கொம்பையா எல்லோரையும் தோட்டத்துக்கு அழைத்துப் போனது. மிச்சம் இருந்த புழுக்கைக் குவியலைச் சுரண்டி எடுத்துத் தூரத்துக் காட்டில் மெலிசாகத் தூவினார்கள்.

“சரி, இவ்வளவு புழுக்கையைத் தின்ன கிழங்கையாவது பாப்போமே!” என்றது பெரியநாயகி. “தோண்டுப்பா!”

கொம்பையா மார்பை நிமிர்த்தியது. சவாரி கைவிட்டுப் போனாலும் கிழங்கு கிழங்குதானே! கூட்டம் பின்னால் நகர்ந்து இடம் விட்டது. அவ்வளவு பெரிய கிழங்கு உருண்டு வந்து யார் காலிலாவது விழுந்துவிட்டால்? கொம்பையா மூக்கை நுழைத்துத் தம் கட்டி ஓர் எம்பு எம்பியது. கொடி படீரென்று வந்துவிட்டது. கொம்பையா பின்பக்கமாக விழுந்தது.

கொடியின் அடியில் தொங்கியது எலிவால் பருமனுக்கு நாலு வேர்.

கொம்பையா அடுத்த கொடியைப் பிடுங்கியது. எலிவால். அதற்கடுத்தது? சுண்டெலிவால்! புழுக்கை அத்தனையும் இலையாகவும் தண்டாகவும் போயிருந்தது. தின்னத் தின்னக் கொடுத்ததும் செடி படரத்தான் படர்ந்தது. கிழங்கு வைக்க அதற்கு ஞாபகமே வரவில்லை!

“ஆனைத் தலைன்னு சொன்னீரே,” என்றது சுனையாண்டி மெதுவாக. “ஆனையோட எந்த முடியைச் சொன்னீரு?”

முதலில் சிரித்தது கொம்பையாதான். தரையில் புரண்டு புரண்டு சிரித்தது. அப்புறம் யார் சிரிக்கிறார்கள், யார் சிரிக்கவில்லை என்று பார்க்க முடியவில்லை. குகைக்குள்ளிருந்து தாண்டவன் மட்டும் கோபமாகக் குரல் கொடுத்தது. “ஏ! பகல்ல மனுசன்... மன்னிக்கணும், வௌவால் தூங்க வேண்டாமா?”

அந்த வருடத் திருவிழாவில் முள்ளம்பன்றி ஜெயித்தது. கைப்பிடிக் குப்பை உரம் போட்டு வளர்த்த அளவான கிழங்கு. பெரியநாயகி வழக்கம்போல அதை முதுகில் ஏற்றிக்கொண்டது. நாலு அடிகூட வைக்கவில்லை. “அய்யய்யோ! என் முதுகு!” என்று பிளிறிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில், காட்டைச் சுற்றும் சவாரி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது! கீழே நின்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டியது யார் தெரியுமா? கொம்பையாதான். அதன் முதுகில் மொச்சை குதித்துக்கொண்டிருந்தது.

கீழ்ச் சுனையில் இன்னும் யாரும் குடிப்பதில்லை. மண்ணுக்குள் இறங்கிய உப்பு இறங்கிய வேகத்தில் வெளியே வந்துவிடாது. ஓடைக்கரையில் நாணலும் கோரையும் நட்டிருக்கிறார்கள். அவை உப்பை உறிஞ்சிக்கொண்டு தளதளவென்று நிற்கின்றன. சுனையாண்டியின் குடும்பம் மேல் ஊற்றில் சித்தப்பனோடு சேர்ந்து பாடிக்கொண்டிருக்கிறது. நன்றாகப் பாடுகிறதா என்று கேட்காதீர்கள்.

கொம்பையா மறுபடியும் கிழங்கு நட்டது. புழுக்கையும் போட்டது. ஆனால் இப்போது கூடையைத் தூக்கினால் வேலி ஓரத்தில் ஒரு பட்டாளம் வந்து நின்றுவிடும். மொச்சை, அதன் தம்பி தங்கைகள், நரிக்குட்டிகள், பெரியநாயகியின் கன்று, அத்தனையும்! கொம்பையா ஒரு பிடி அள்ளும். செடிக்குச் செடி கொஞ்சம் தூவும். இன்னொரு பிடிக்குக் கை நீளும்போதே குட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் கத்தும்.

“போதும் மாமா!”

“இன்னும் ஒரே ஒரு பிடிடே!”

“போதும்!”

கொம்பையா மொச்சையின் சிவந்த மூக்கை ஒருமுறை பார்க்கும். பிறகு கூடையைக் கீழே வைத்துவிடும்.

பயிர் தின்ன முடியாததை நிலத்தில் கொட்டினால், அது தெளிந்த தண்ணீருக்குள் ஒளிந்துகொண்டு ஏதோ ஒரு குழந்தையின் வாயில்தான் போய்ச் சேரும். ஆகவே எதையும் அளவோடு போடுங்கள்!